நாலரையாம் வகுப்பு

உறையூரில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக இரண்டு ஆறு தாண்ட வேண்டும். காவிரியைப் பாலத்தின் மேல் சைக்கிளில் தாண்டுவேன். கொள்ளிடத்தை நடந்து தாண்டுவேன். மாம்பழச் சாலை, ஸ்ரீரங்கம், வடக்கு வாசல் எல்லாம் கடந்து கொள்ளிடக் கரைக்கு வந்ததும், அங்கே ஒரு டீக்கடையின் பின்சுவரில் சைக்கிளைச் சாத்திப் பூட்டுவேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் இறங்கினால் அரை மணி நேர நடை. நடுவில் தண்ணீர் முழங்காலுக்கு ஓடினால் முக்கால் மணி. வெள்ளம் வந்துவிட்டால் பஸ் பிடித்துப் பெரிய பாலத்தைச் சுற்றிப் போய், அந்தப் பக்கத்துக் கரைமேல் நாலு மைல் நடக்க வேண்டும். அப்படிப் போய்ச் சேர்கிற நாளில் முதல் பாடவேளை முடிந்திருக்கும். நடத்த ஆள் இல்லாததால் அது தொடங்காமலே முடிந்திருக்கும்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. ஆற்றுப் படுகையில் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருந்த ஒரு சின்ன ஊர். ஜில்லா போர்டு பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து நாலு வரை வகுப்பு. நான் அதற்குத் தலைமையாசிரியர். என் மனைவி இந்தச் சொல்லைக் கேட்டால் சிரிப்பாள்.

"தலைமைன்னா கீழ ஒரு ஆளாவது இருக்கணும்ல? உங்களுக்குக் கீழ யாரு இருக்கா, மணி அடிக்கிற கட்டையா?"

கீழே ஓர் ஆசிரியருக்கு இடம் இருந்தது. ஆள்தான் நிற்கவில்லை. போர்டிலிருந்து யாரையாவது போடுவார்கள். வருகிறவர் முதல் நாள் கொள்ளிடத்தைப் பார்ப்பார், இரண்டாம் நாள் என்னைப் பார்ப்பார், அந்த மாதத்துக்குள் மெடிக்கல் லீவு எழுதுவார். கடைசியாக வந்தவர் ஒரு மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவப் போனவர். அப்படியே ஆற்றில் இறங்கித் தன் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய குடை மட்டும் வகுப்புச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. என்றாவது திரும்பி வந்து கேட்பார் என்று அதை யாரும் தொடுவதில்லை.

பள்ளியில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்த காலம். சமைக்க ஊரிலேயே ஓர் அம்மாள் இருந்தார். புருஷனை இழந்தவர், ஒரே பெண் குழந்தை. நான் எட்டாவது முடித்து ஆசிரியர் பயிற்சி பெற்றவன். மற்றபடி நான் கற்றதில் பாதி பிறத்தியார் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக் கற்றது. அந்த அம்மாள் வாயிலிருந்து விழுகிற சொல்லை அன்றைக்கே நோட்டில் எழுதி வைப்பேன். வாத்தியார்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஒதுங்க வந்தவங்க'. மழைக்கு ஒருவர் வீட்டு வாசலில் ஒதுங்குகிறோமே, அந்த ஒதுங்கல்.

"ஒதுங்க வந்தவங்களை உக்காருங்கன்னு சொல்லலாம். படுங்கன்னு சொல்ல முடியுமா?" என்பார்.

இது என்னையும் சேர்த்துத்தான். ஏழு வருஷமாகப் போய் வருகிறேன், இருந்தாலும் என்னையும் சேர்த்துத்தான். எனக்குக் கோபம் வரும். ஆனால் உறையூரில் ஒரு பள்ளியில் இடம் காலியாகிறதென்று கேள்விப்பட்டு மாற்றல் மனுவை மூன்று தடவை எழுதி, இரண்டைக் கிழித்து, மூன்றாவதைத் தபாலில் போட்டவனும் நான்தானே. ஊரில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

அந்த மனு போன பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. படுகையில் இருக்கும்போது உறையூர் நினைப்பு. உறையூரில் சாப்பிட உட்கார்ந்தால் நாலாம் வகுப்பு நினைப்பு. மனைவி இலையில் சோற்றைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

நாலாம் வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை முடித்தால் ஐந்தாவதுக்கு ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போக வேண்டும். பையன்களில் நாலைந்து பேர் போனார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் கிள்ளப் போனார்கள், வாழைநார் உரிக்கப் போனார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று ஏப்ரலில் ரிப்போர்ட்டு வாங்கிக்கொண்டு போய், ஜூனில் வெற்றிலைக் கூடையோடு பள்ளிக்கூடத்து வேலி ஓரமாக உள்ளே பார்த்துக்கொண்டே போனதை ஒரு வருஷம் பார்த்தேன். மறு வருஷமும் பார்த்தேன். மூன்றாம் வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. நாலாவது தேறியவர்களைத் தேறவில்லை என்று எழுதிவிட்டேன்.

எழுதிவிட்டு, வீட்டுக்கு வீடு போய் உண்மையைச் சொன்னேன். "புத்தகத்துல நாலாவதுன்னு இருக்கும். பாடம் அஞ்சாவது நடத்துறேன். அனுப்புங்க." உறையூரில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படித்து முடித்த ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. அடுத்த வருஷம் இன்னும் சிலர் சேர்ந்து ஒன்பது பேர் ஆனார்கள். மூங்கில் தட்டி ஒன்றை மறைப்பாக வைத்து, அதன் பின்னால் அவர்களுக்குத் தனியாக ஓர் இடம். ஊரில் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: நாலரையாம் வகுப்பு. "உங்க மக என்ன படிக்குது?" என்று கேட்டால், "நாலரை" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சமையல் அம்மாளின் மகளும் நாலரையில்தான் இருந்தாள்.

ரிஜிஸ்டரில் பொய் எழுதுகிறவனுக்குத் தூக்கம் எப்படி இருக்கும் என்று எழுதியவர்களுக்குத் தெரியும். இதைச் சட்டப்படி ஆக்க ஒரே வழி, ஐந்தாம் வகுப்புக்கு அனுமதி வாங்குவது. அதற்கும் மனுப் போட்டேன். தனி இடம் வேண்டும் என்றார்கள். ஊர்க்காரர்கள் பத்தே நாளில் மூங்கில் நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்தது, டெபுடி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்துச் சிபாரிசு எழுதுவது. தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை வருவதாகக் கடிதம் வந்தது.

புதன்கிழமை மாலை ஊர் நாட்டாண்மை பள்ளிக்கு வந்தார். கனத்த மனிதர். பேசும்போது துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்.

"நாளைக்கு எட்டு மணிக்கே பிள்ளைங்களைக் கரைக்கு அனுப்பிடுங்க வாத்தியாரே."

"கரைக்கா? எதுக்கு?"

"இன்ஸ்பெட்டர் வர்றாருல்ல? கூப்பிட வேண்டாமா?"

அந்த ஊர் வழக்கம் அது. ஆற்றைத் தாண்டி ஊருக்குள் முதல் தடவை காலடி வைக்கிறவர்களைக் கரைக்குப் போய் மேளத்தோடு கூப்பிட்டு வருவார்கள். கட்டிக்கொண்டு வருகிற மருமகளானாலும் சரி, திருவிழாவுக்கு வருகிற அம்மன் கரகமானாலும் சரி, கூப்பிடாமல் உள்ளே விடுவதில்லை. எல்லாருக்கும் இல்லை, ஊருக்கு வேண்டியவர் என்று நினைத்தால்தான். என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாதம் நான் பாட்டுக்கு வந்து, பூட்டு எங்கே என்று தேடித் திறந்தேன்.

"அவர் பள்ளிக்கூடத்தைப் பாக்க வர்றார். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கணும்" என்றேன்.

"இருக்கட்டும். அவரைக் கூட்டிக்கிட்டுத்தானே வரப் போறாங்க? அவரு வரும்போது அவங்களும் இருப்பாங்க. கணக்குச் சரியாத்தானே வருது?"

"நாலு பெரியவங்க போனாப் போதாதா?"

"பெரியவங்களைப் பாத்தா அவருக்கு என்ன தெரியும்? வயசாயிருக்குன்னு தெரியும். பிள்ளைங்களைப் பாக்கட்டும்" என்று துண்டை மாற்றினார்.

சரி என்றேன். கொட்டகை போட்டுக் கொடுத்தவர். அதற்கு மேல் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதுபோலவும் பட்டது. பத்து மணிக்குத்தான் பள்ளிக்கூடம் தொடங்கும், ஒன்பதே முக்காலுக்குள் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நானே கணக்குப் போட்டேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொள்ளிடக் கரையில் இரண்டு வாழை மரம் கட்டியாயிற்று. தவில் ஒன்று, நாயனம் ஒன்று. எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, பிள்ளைகள் இரண்டு வரிசையாக மணலில் நின்றார்கள். எதிரே ஸ்ரீரங்கத்துக் கரைவரை வெறும் மணல். அதில் யார் தலை தெரிந்தாலும் நாயனக்காரர் குழலை உதட்டில் வைப்பார். முதலில் தெரிந்தது மோர் விற்கிற பெண். அடுத்தது கழுதைகள். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வாழை மரத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன்.

"ஏன் வாத்தியாரே இப்படிச் சுத்துறீங்க? மணல்ல பள்ளம் விழப்போவுது" என்றார் நாட்டாண்மை.

பத்தே கால் இருக்கும். ஊர்ப் பக்கத்திலிருந்து சமையல் அம்மாள் வந்தார். கையில் கரண்டி. ஓடி வரவில்லை, வேகமாக நடந்து வந்தார்.

"யாருக்கு நிக்கிறீங்க எல்லாரும்?"

"இன்ஸ்பெட்டருக்கு."

"அவரு ஸ்கூல்ல உக்காந்திருக்காரு. வந்து ஒரு மணி நேரமாச்சு. மோர் குடுத்தேன், குடிச்சாரு."

வரவேற்பு, மாலை இதெல்லாம் பிடிக்காத மனிதராம் அவர். எந்தப் பள்ளிக்கும் எதிர்பார்க்கிற வழியாகப் போவதில்லையாம். பெரிய பாலம்வரை பஸ்ஸில் வந்து, கரைமேல் நாலு மைல் ஒற்றை ஆளாக நடந்து, ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மணி நேரமா ஏன் வந்து சொல்லலை?" என்றேன்.

"உலை வச்சிருந்தேன். அடுப்பை யாருகிட்ட விட்டுட்டு வர்றது? வடிச்சுட்டுத்தான் வரணும்" என்றவர், அதே மூச்சில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்க மாத்திக்கிட்டுப் போறீங்களாமே? அவருதான் சொன்னாரு."

பிள்ளைகளைத் திருப்பி நடக்கச் சொன்னேன். நாயனக்காரருக்கு என்ன தோன்றியதோ, யாரையும் கூப்பிடாமலே வாசித்துக்கொண்டு எங்கள் முன்னால் நடந்தார். நிறுத்தச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

டெபுடி இன்ஸ்பெக்டர் ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடி. என் நாற்காலியில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வரிசையாக உள்ளே நுழைய நுழைய, விரலை மடித்து எண்ணினார்.

"அறுபது பேர்னு ரிஜிஸ்டர் சொல்லுது சார். எழுபத்தினாலு பேர் வந்திருக்காங்க. இந்த ஜில்லாவுல இப்படி ஒரு தப்பை நான் பார்த்ததில்லை."

பள்ளியில் சேராத குழந்தைகள், நின்றுபோன பெரிய பெண்கள் எல்லாரையும் நாட்டாண்மை எண்ணெய் வைத்துக் கூட்டி வந்திருக்கிறார். நான் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து தட்டிக்குப் பின்னால் போனார். சமையல் அம்மாளின் மகள் முன்னால் நின்றாள்.

"என்ன வகுப்பும்மா?"

"நாலரை சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். ஐந்தாம் வகுப்புப் பூகோளம், அட்டையில் யாரோ உறையூர்ப் பையன் போட்ட மீசைப் படம்.

"கொள்ளிடம் எங்க போய்ச் சேருது, சொல்லு?"

"கடலுக்குப் போவுதுன்னு இதுல இருக்கு சார். நாங்க பாத்ததில்ல. கரைக்கு அந்தாண்டைவரைக்கும்தான் தெரியும்."

அவர் இன்னும் நாலு பேரைக் கேட்டார். கணக்குப் போடச் சொன்னார், எழுதச் சொன்னார். எல்லாம் முடிந்து என்னைக் கொட்டகைக்குள் தனியே கூப்பிட்டார். அவர் பையிலிருந்து இரண்டு காகிதம் எடுத்துக் கீழே பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஒண்ணு, ஐந்தாம் வகுப்பு வேணும்னு மனு. இன்னொண்ணு, உறையூருக்கு மாத்தல் வேணும்னு மனு. ரெண்டும் ஒரே கையெழுத்து. நான் எதைப் படிக்கட்டும்?"

"ரெண்டும் நான்தான் எழுதினேன் சார்."

"அது தெரியுது. ஆணியில தொங்குற குடை யாருதுன்னு அந்த அம்மா சொன்னாங்க. நீங்க போயிட்டா உங்க குடையும் அங்கதான் தொங்கும். அஞ்சாவது குடுத்து, நடத்த ஆளில்லாம பூட்டினா, அடுத்த வருஷம் நாலையும் சேத்துப் பூட்டுவாங்க. ரெண்டு வருஷம் இருக்கேன்னு எழுதிக் குடுங்க, இதுக்குச் சிபாரிசு எழுதறேன். இல்லையா, மாத்தலுக்குச் சிபாரிசு எழுதறேன். அதுலயும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏழு வருஷம் சின்ன விஷயம் இல்லை. புதன்கிழமை ஆபீசுக்கு வாங்க."

"ரிஜிஸ்டர்..."

"ரிஜிஸ்டரை நான் இன்னும் பாக்கலை" என்று, காலையில் அதைப் பார்த்து அறுபது பேர் என்று சொன்னவரே கண்ணாடியைத் துடைத்தார்.

போகும்போது கொள்ளிடத்து மணல் வழியாகவே போனார். வாழை மரத்துக்கு நடுவே. நாட்டாண்மைக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

வெள்ளிக்கிழமை நான் மனைவியிடம் சொல்லவில்லை. சனிக்கிழமையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்டூரில் அவள் அக்கா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சொன்னேன். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் சத்தம் போட மாட்டாள் என்று ஓர் அசட்டுத் தைரியம்.

அவள் சத்தம் போடவில்லைதான். பாலக்கரையிலிருந்து காட்டூர்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு வயது மகள் அவள் மடியில் தூங்கினாள். மழைக்காலத்தில் நான் வருகிறேனா, ஆற்றோடு போனேனா என்று தெரியாமல் எத்தனை சாயங்காலம் வாசலில் நின்றிருப்பாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வெள்ள நாளில் தனியாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். உறையூர்ப் பள்ளி எங்கள் தெருவிலிருந்து மணி சத்தம் கேட்கிற தூரம். அந்த மணி அடிக்கும்போதெல்லாம், "உங்களைத்தான் கூப்பிடுது" என்பாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் பேசினாள்.

"எழுதிக் குடுத்துட்டீங்களா, இல்ல என்னைக் கேக்கறீங்களா?"

"கேக்கறேன்."

"கேக்கற மூஞ்சியா இது? முடிவு பண்ணிட்டுத் திருதிருன்னு முழிக்கிற மூஞ்சி."

"முடிவு பண்ணலை. பண்ணியிருந்தா இப்படித் தூக்கம் கெட்டிருக்காது."

"ஏழு வருஷமா நீங்க வீட்டுலயும் இல்ல, அங்கயும் இல்ல. உங்க பிள்ளைங்க மாதிரி நீங்களும் நாலரைதான்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்தோம். "அப்படி என்னதான் இருக்கு அந்த ஊர்ல? நான் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்."

திங்கட்கிழமை சமையல் அம்மாளிடம், நாளைக்கு வீட்டிலிருந்து வருகிறார்கள், ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடுங்கள் என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு அளந்துதான் பேசினார். ஊரே அப்படித்தான் இருந்தது. யாரும் ஏன் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் முள்ளாக இருந்தது. ஒதுங்க வந்தவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

"சரிங்க" என்றார். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஸ்ரீரங்கம்வரை டவுன் பஸ். பிறகு மணல். பாதி தூரம் வருவதற்குள் அவள் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் ஓடுகிற இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இதையா தினம் ரெண்டு தடவை?" என்றாள். அவள் தீர்ப்பு அந்தத் தண்ணீரிலேயே எழுதியாகிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வருத்தமா, விடுதலையா என்று எனக்கே புரியவில்லை.

எதிர்க்கரை தெரிந்தபோது நாயனம் கேட்டது.

அதே இரண்டு வாழை மரம், வாடிப் போனதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் இரண்டு வரிசை. நாட்டாண்மை பட்டை போட்ட துண்டோடு. முன்னால் ஆரத்தித் தட்டோடு சமையல் அம்மாள். மனைவி நடுத்தண்ணீரில் நின்றுவிட்டாள்.

"யாருங்க வர்றாங்க?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"நீதான்" என்றேன்.

அவசரமாக அறுந்த செருப்பை என் கையில் திணித்தாள். புடவையை இறக்கிவிட்டாள், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவர்கள் அவளை மணலில் நிறுத்தி ஆரத்தி சுற்றினார்கள். பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டார்கள். நாயனமும் தவிலும் முன்னே போக, அவளை நடத்திக்கொண்டு போனார்கள். நான் ஒரு கையில் செருப்போடு கடைசியில் போனேன். வெயில் ஏறிவிட்டது. நாட்டாண்மை என் பக்கத்தில் நடந்தார்.

ஏழு வருஷத்து மனத்தாங்கல், கேட்டுவிட்டேன்.

"என்னை மட்டும் நீங்க கூப்பிடவே இல்லையேங்க."

அவர் யோசித்தார். துண்டு மறு தோளுக்குப் போயிற்று.

"வந்தப்ப நீங்க ஒதுங்க வந்தவரு. இப்ப உள்ளூரு. ரெண்டுக்கும் மேளம் கிடையாதுங்களே."

பள்ளிக்கூடத்தில் மனைவி நாலரையாம் வகுப்பின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவள் வளையலை எண்ணினாள். சமையல் அம்மாளின் மகளிடம், "இங்க அஞ்சாவது வந்தா படிப்பியா?" என்று கேட்டாள்.

"வந்தா படிப்பேன் டீச்சர்."

"நான் டீச்சர் இல்லம்மா. வரலைன்னா?"

"இந்த வருஷத்தோட கொடிக்காலுக்குன்னு அம்மா சொல்லிடுச்சு. மூணு வருஷம் ஒரே கிளாஸ்ல வச்சிருக்க முடியாதாம். பெரியவளாயிட்டா வெட்கமாம்."

மனைவி அந்தப் பெண்ணின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள். சோறு ஆனதும் எல்லாரோடும் தட்டில் சாப்பிட்டாள். சாப்பிட்ட பிறகு சமையல் அம்மாளோடு அடுப்படியில் ரொம்ப நேரம் பேசினாள். நான் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் நடத்திக்கொண்டிருந்தேன். காது முழுக்க அடுப்படியில். பேச்சுச் சத்தம் கேட்டது, என்ன பேச்சு என்று கேட்கவில்லை. ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான் இருக்கும்.

மூன்று மணி சுமாருக்கு மனைவி என் மேஜைக்கு வந்தாள்.

"மேளத்தைக் கூட்டிட்டு வந்து என் வாயை அடைச்சுட்டாங்க. வழக்கமா இது, இல்ல தந்திரமா?"

"அவங்க வழக்கம்தான்."

"ரெண்டும்தான்" என்றாள். "கெட்டிக்கார ஜனங்க."

நான் காத்திருந்தேன். அவள் மேஜைமேல் இருந்த மைக்கூட்டை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"ரெண்டு வருஷம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. வெள்ளம் வந்தா இங்கயே தங்கிடுங்க, ராத்திரியில ஆத்துல இறங்காதீங்க. அந்த அம்மா வீட்டுல ஒரு பாய் போடச் சொல்லியிருக்கேன். தங்கறதா இருந்தா டீக்கடைக்காரர்கிட்ட சொல்லி அனுப்பணும். நான் வாசல்ல நிக்க மாட்டேன் இனிமே. எழுதுங்க, நான் இருக்கும்போதே எழுதுங்க. வீட்டுக்குப் போனா எனக்கு மனசு மாறிடும்."

எழுதினேன். மாற்றல் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்வதாக மூன்று வரி. பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை விழுந்தது. வேறு காகிதத்தில் எழுதலாம் என்றேன். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்று அவளே ஊதிக் காயவைத்து நாலாக மடித்தாள்.

புதன்கிழமை அதை ஆபீசில் கொடுத்தேன். சிபாரிசு போயிற்று. ஆனால் ஆர்டர் வர மாசி போய், பங்குனி போய், சித்திரையும் வந்துவிட்டது. அந்த நாட்களில் தபால்காரர் சைக்கிள் எங்கே தெரிந்தாலும் நான் எதிரே போய் நிற்பேன். ஐந்தாம் வகுப்பும் வராமல் உறையூரும் போய்விட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? உறையூர்ப் பள்ளியில் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். மணி அடிக்கும்போது மனைவி இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை. பழையபடி ஏதாவது குத்திச் சொன்னால் தேவலை என்று இருந்தது.

லீவு விட இரண்டு நாள் இருக்கும்போது ஆர்டர் வந்தது. ஐந்தாம் வகுப்பு உண்டு. கூடுதல் ஆசிரியர் பின்னர் நியமிக்கப்படுவார். பின்னர் என்றால் எவ்வளவு பின்னர் என்று அதில் இல்லை. அடுப்படிக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். சமையல் அம்மாள் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். கொடிக்காலுக்குச் சொல்லி வைத்திருந்த ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மனைவியும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பிய அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விநாடி திரும்பிப் போக வேண்டும். மணலில் அனல் அடித்தது. மனைவிக்குச் செருப்பும் இல்லை. வாசலில் தயங்கி நின்றாள். சமையல் அம்மாள் உள்ளே போய், ஆணியில் தொங்கிய குடையை எடுத்து, தூசியைத் தட்டி, விரித்துப் பார்த்து அவளிடம் கொடுத்தார்.

"அது அந்த வாத்தியாரோடது இல்ல?" என்றேன்.

"அவரு வரமாட்டாரு. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்றார். "வரும்போது கொண்டாங்க."